பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் படியளந்தவர் யார்?

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது நாதசுரமும் தவிலும்தான். இந்த ஆண்டு எந்த ஊர் மேளம் வருகிறது என்ற பேச்சு, கொடியேற்றத்துக்கு முன்பே லயத்துக்கு லயம் நடக்கும். ஆனால் அந்த மேளத்துக்குப் பணம் எப்படி வந்தது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. சம்பளம் போட்ட மறுநாள் கோயில் தலைவரும் செயலாளரும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருவார்கள். ஒரு வீட்டில் பத்து வெள்ளி, அடுத்த வீட்டில் ஐந்து வெள்ளி, முடியாத வீட்டில் இரண்டு வெள்ளி. அந்தச் சில்லறையெல்லாம் சேர்ந்துதான் சாமி புறப்பாட்டின்போது நாதசுரமாக ஒலிக்கிறது.

எந்தக் கலைக்கும் பின்னால் இப்படி ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. பாடுகிறவருக்கும் பசிக்கும். ஆடுகிறவருக்கும் குடியிருக்க வீடு வேண்டும். தாளம் தட்டுகிற கை அடுப்புக்கு விறகும் தேட வேண்டியிருந்தால், அந்தத் தாளம் எத்தனை நாள் நிற்கும்? ஆகவே, கலையின் வரலாற்றை அறிய விரும்புகிறவர்கள், யார் பாடினார், யார் ஆடினார் என்று கேட்பதோடு, அவர்களுக்குப் படியளந்தவர் யார் என்றும் கேட்க வேண்டும். இன்றைய உரையில் அந்தக் கேள்வியைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். தஞ்சாவூரில் தொடங்கி, சென்னை வழியாகச் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வந்து, நம் வீட்டு வாசலில் முடிப்போம்.

முதலில் தஞ்சைக்குப் போவோம். முதலாம் இராசராச சோழன் எழுப்பிய பெரிய கோயில் 1010ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அந்தக் கோயிலின் சுவரே ஒரு பெரிய கணக்குப் புத்தகம்தான். சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து 400 ஆடல் மகளிரை அரசன் வரவழைத்துக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் குடியமர்த்தினான் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. தளிச்சேரிப் பெண்டுகள் என்பது அவர்களுக்குப் பெயர். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு. ஆண்டுக்கு 100 கலம் நெல். அவருடைய பெயர் என்ன, எந்தக் கோயிலிலிருந்து வந்தார், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதெல்லாம் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. ஆட்டுவிக்கும் ஆசான்களுக்கும் பாடுவோருக்கும் கொட்டி முழக்குவோருக்கும்கூட அதிலே பங்கு உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கலைக்குப் படியளந்தவர் அரசர். அளந்த இடம் கோயில். அந்தக் கல்வெட்டு நமக்கு இதைத்தான் காட்டுகிறது.

சோழர் போன பிறகு நாயக்கர் வந்தனர், அவர்களுக்குப் பின் மராட்டியர் வந்தனர். ஆட்சி மாறினாலும் தஞ்சை அரண்மனை கலைஞர்களைக் கைவிடவில்லை. இரண்டாம் சரபோசி மன்னர் 1798 முதல் 1832 வரை இருந்தார். அவர் காலத்துத் தஞ்சையில் வளர்ந்தவர்கள்தாம் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நான்கு சகோதரர்கள். தஞ்சை நால்வர் என்று அவர்களை அழைக்கிறோம். இன்று பரதநாட்டிய மேடையில் அலாரிப்பில் தொடங்கி, சதிசுவரம், சப்தம், வருணம், பதம் என்று வளர்ந்து, தில்லானாவில் முடிகிறதே, அந்த வரிசையை ஒழுங்கு செய்து கொடுத்தவர்கள் அவர்களே. கடைசித் தம்பி வடிவேலு, வெள்ளைக்காரர் கொண்டுவந்த வயலினைக் கற்றுத் தேர்ந்து, அதை நம் இசைக்குப் பழக்கியவர்களில் ஒருவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தால் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். அன்னியக் கருவி ஒன்று ஒரு தலைமுறைக்குள் நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் உதவும்.

அதே காலத்தில் திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசர் அரசவையை நாடவில்லை. அவர் தெருவில் பாடிச் சென்று ஊரார் இட்ட அரிசியில் வாழ்ந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அரண்மனை இல்லாமலும் ஊர் கூடி ஒரு கலைஞரைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு அது ஒரு சான்று.

ஊர் கூடிக் காப்பாற்ற வேண்டிய நாளும் விரைவில் வந்தது. 1855இல் தஞ்சையின் கடைசி மன்னர் ஆண் வாரிசு இன்றி இறந்தார். கிழக்கிந்தியக் கும்பினி அரசை எடுத்துக்கொண்டது. அரண்மனையில் அடுப்பு அணைந்தது. கலைஞர் குடும்பங்கள் பிழைப்பைத் தேடிப் புறப்பட்டன. பலர் சென்னைப் பட்டணத்துக்குப் போனார்கள். அங்கே மன்னர் இல்லை. வணிகர்களும் வழக்கறிஞர்களும் அரசாங்க உத்தியோகத்தர்களும் இருந்தனர். அவர்கள் தனித்தனியே அரண்மனை வைத்து நடத்தக் கூடியவர்கள் அல்லர். எனவே பலர் கூடி, ஆளுக்கொரு சந்தா கட்டி, ஒரு கூடத்தை ஏற்பாடு செய்து, பாடகரை வரவழைத்துக் கேட்டார்கள். சபா என்று நாம் சொல்லும் அமைப்பு இப்படித்தான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வளர்ந்தது. கலைக்குப் படியளக்கும் மரக்கால் மன்னர் கையிலிருந்து சந்தாதாரர் கைக்கு மாறியது.

1927இல் சென்னையில் நடந்த காங்கிரசு மாநாட்டை ஒட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. 1929இல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கினார். மேடைகளில் தெலுங்கும் சமசுகிருதமும் நிறைந்திருக்க, தமிழர் கூட்டத்தில் தமிழ்ப் பாட்டு ஏன் துக்கடாவாக ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடையாக 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைந்தது. பணம் கொடுக்கிறவர் மாறும்போது, எந்த மொழியில் பாடுவது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. சந்தா கட்டுகிறவனுக்குப் பாட்டின் பொருள் புரிய வேண்டும் அல்லவா?

நடனத்தின் கதை இன்னும் சற்றுக் கசப்பானது. கோயில்களிலும் அரண்மனையிலும் ஆடிவந்த குடும்பங்கள் ஆதரவை இழந்தன, பழிச்சொல்லுக்கும் ஆளாயின. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் 1947இல் ஒழித்தது. அந்த வழக்கத்தில் பெண்களுக்கு நேர்ந்த கொடுமை ஒழிய வேண்டியதே. ஆனால் அதற்கு முன்பே, சதிர் என்று பெயர் பெற்றிருந்த ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் புதிய மேடைக்கு ஏறிவிட்டது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி, 1936இல் கலாசேத்திரா என்னும் பள்ளியைச் சென்னை அடையாற்றில் நிறுவினார். நல்ல குடும்பத்துப் பெண்கள் ஆடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், தம் பெண்களை அனுப்பத் தொடங்கினார்கள். கலை பிழைத்தது, ஆனால் அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்களில் பல, மேடையை விட்டு மறைந்தன. பாலசரசுவதி போன்ற ஒருசிலர்தாம் அந்தப் பரம்பரையின் பெயரை உலக மேடைகளில் நிலைநாட்டினர்.

அந்தப் பரம்பரையில் வந்த இன்னொரு பெண்மணியை இங்கே சொல்லாமல் போக முடியாது. பெங்களூர் நாகரத்தினம்மாள் பாடிச் சம்பாதித்த தம் செல்வத்தைக் கொண்டு, 1920களில் திருவையாற்றில் தியாகராசருக்கு நினைவுக் கோயில் எழுப்பினார். அங்கு நடந்த ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லாதிருந்த காலத்தில், பெண்களைத் திரட்டிப் பாட வைத்தவரும் அவரே. மன்னர் படியளந்த வீட்டில் பிறந்த கலைஞர், இங்கே தாமே படியளக்கிறார். கலைக்குக் கொடுக்கும் கை எப்போதும் செல்வந்தர் கையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று அவர் வாழ்க்கை காட்டுகிறது.

இனிக் கடலைத் தாண்டுவோம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பால்மரம் காட்டையெல்லாம் விழுங்கிக்கொண்டு பரவியது. அதற்கு ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை 1938 வரை நடந்தது. நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்தபோது பெட்டியில் வீணையைக் கொண்டுவரவில்லை. ஆனால் வெறுங்கையோடும் வரவில்லை. தாலாட்டு வந்தது, ஒப்பாரி வந்தது, கும்மியும் கோலாட்டமும் கரகமும் வந்தன, தப்பும் உறுமியும் வந்தன. அரிச்சந்திரன் நாடகமும் வள்ளி திருமணமும் காமன் கூத்தும் தோட்டத்துத் திடலில் விடிய விடிய நடந்தன. பகலெல்லாம் மரம் சீவிய கை இரவில் மத்தளம் தட்டியது. இவற்றுக்கெல்லாம் படியளந்தது அரசன் அல்லன், தோட்டத்துத் துரையும் அல்லன், லயத்து மக்களே. கலைஞனும் அவர்களே, இரசிகனும் அவர்களே, சந்தாதாரனும் அவர்களே.

பட்டணங்களில் வேறொரு கதை நடந்தது. இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்த்த யாழ்ப்பாணத் தமிழர்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சு பகுதியில் நிறையப் பேர் இருந்தனர். 1920களிலேயே அங்கே சங்கீத அபிவிருத்தி சபை என்ற அமைப்பு உருவாகிவிட்டது. தோட்டத்தில் உறுமி, பட்டணத்தில் வீணை என்று நம் சமுதாயத்துக்குள்ளேயே இரண்டு ஒலிகள் இரண்டு பக்கமாக வளர்ந்தன. ஒன்றை ஒன்று கேட்டுக்கொண்டது குறைவு. அந்த இடைவெளி இன்றும் முழுதாக மூடவில்லை.

போர் முடிந்தது. 1949இல் சிங்கப்பூரில் இந்தியக் கலை ஆர்வலர்கள் சிலர் கூடி இந்திய நுண்கலைக் கழகத்தைத் தொடங்கினார்கள். ஆதாயம் பங்கிடும் வியாபாரமாக அல்ல, சமூகத்துக்கான அறப்பணியாக அது வளர்ந்தது. முக்கால் நூற்றாண்டைத் தாண்டி இன்றும் அது நடக்கிறது. அங்கே பரதநாட்டியமும் கருநாடக இசையும் மட்டுமல்ல. வட இந்தியாவின் கதக் நடனம், இந்துத்தானி இசை, தபேலா, சிதார் ஆகியவையும் கற்பிக்கப்படுகின்றன. இந்தியா, பாகிசுதான், வங்காளதேசம், இலங்கை, நேபாளம் முதலிய நாடுகள் சேர்ந்த நிலப்பகுதியைத் தெற்காசியா என்கிறோம். ஊரில் இருந்தபோது தஞ்சைக்காரருக்கும் லக்னோக்காரருக்கும் ஒருவர் கலையை ஒருவர் பார்க்கும் வாய்ப்பு அரிது. கடல் கடந்து வந்த இடத்தில்தான் ஒரே கூரையின்கீழ் மிருதங்கமும் தபேலாவும் அடுத்தடுத்த அறைகளில் ஒலித்தன.

1952இல் கேரளத்தைச் சேர்ந்த கே. பி. பாசுகர் என்னும் நடனக் கலைஞர் சிங்கப்பூரில் நடனப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1955இல் அவர் மனைவி சாந்தா பாசுகர் வந்து சேர்ந்தார். பலவகை மக்கள் வாழும் ஊரில் இந்த நடனத்தை யார் பார்ப்பார் என்று அவர் கவலைப்பட்டு உட்காரவில்லை. சீனர்களிடையே வழங்கும் பட்டாம்பூச்சிக் காதலர் கதையை எடுத்து, 1958இல் பரதநாட்டிய நாடகமாக ஆக்கினார். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் வந்து பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய கதை. ஆனால் முத்திரையும் அடவும் நம்முடையவை. வடிவேலு வெள்ளைக்காரர் வயலினில் நம் இராகத்தை ஏற்றினார் என்று முன்பு சொன்னோம் அல்லவா? இதுவும் அதே வழிதான். சாந்தா பாசுகருக்குச் சிங்கப்பூர் அரசு 1990இல் கலாசாரப் பதக்கம் வழங்கியது. பாசுகர் 2013இலும், சாந்தா அம்மையார் 2022இலும் காலமாயினர். ஆனால் 1988இல் அவர்கள் ஏற்படுத்திய நிருத்தியாலயா என்னும் கலைச் சங்கம் அவர்களுக்குப் பின்னும் நிற்கிறது. ஒரு மனிதரின் உழைப்பு அவரோடு முடிந்துபோகாமல் இருக்கச் சங்கம் என்ற அமைப்பு எப்படி உதவுகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கலாசேத்திராவில் பயின்ற இலங்கைக் கலைஞர் நீலா சத்தியலிங்கமும் அவர் கணவரும் 1977இல் சிங்கப்பூரில் அப்சரசு என்ற கலை அமைப்பைத் தொடங்கினர். சென்னையில் மூட்டிய விளக்கு கொழும்பு வழியாகச் சிங்கப்பூருக்கு வந்த கதை அது.

மலேசியாவில் 1981ஆம் ஆண்டு முக்கியமானது. சுவாமி சாந்தானந்த சரசுவதியின் வழிகாட்டுதலில் கோலாலம்பூரில் நுண்கலைக் கோயில் என்று பொருள்படும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்சு அமைந்தது. ஏற்கனவே இந்நாட்டில் நடனம் கற்பித்துவந்த கோபால் செட்டி, இராதா செட்டி, சிவதாசு, வத்சலா ஆகிய ஆசிரியர்கள் அதில் ஒன்று சேர்ந்தனர். தனித்தனிப் பள்ளிகள் ஒன்றோடொன்று போட்டியிடுவதை விட்டு, ஒரே கூரையின்கீழ் வந்தது பெரிய செய்தி. பினாங்கிலும் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் ஆசுதிரேலியாவின் பெர்த் நகரிலும் அதன் கிளைகள் தோன்றின. இவர்கள் அன்னலட்சுமி என்ற பெயரில் சைவ உணவகங்களையும் தொடங்கினர். வேண்டிய அளவு சாப்பிடுங்கள், மனம் விரும்பியதைக் கொடுங்கள் என்பது அதன் கொள்கை. தொண்டர்கள் சமைத்துப் பரிமாறுவார்கள். வருவாய் கலைப் பணிக்கும் அறப்பணிக்கும் போகும். 100 கலம் நெல் கொடுக்க மன்னர் இல்லாத காலத்தில், ஒரு தட்டுச் சோறே நடனத்துக்குப் படியளக்கிறது!

1983இல் இராம்லி இப்ராகிம் சூத்ரா என்ற நடனக் குழுவைக் கோலாலம்பூரில் தொடங்கினார். மலாய்க்காரரான அவர் பரதநாட்டியமும் ஒடிசியும் முறையாகக் கற்றவர். இந்திய அரசு 2018இல் அவருக்குப் பத்மஶ்ரீ விருது அளித்தது. அவருடைய அமைப்பு பட்டணத்து மேடையோடு நில்லாமல், கோலா சிலாங்கூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கும் நடன வகுப்பைக் கொண்டுசென்றது. நம் உரைக்கு இது முக்கியமான இடம். இதுவரை பிள்ளைதான் கலையைத் தேடிப் பட்டணத்துக்குப் போக வேண்டியிருந்தது. இங்கே கலை பிள்ளையைத் தேடி வந்தது.

நேயர்களே, இப்படிப்பட்ட ஓர் அறநிறுவனம் என்னதான் செய்கிறது? ஏன் ஓர் அமைப்பு தேவை? ஆசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர் போதாதா?

ஒரு வீணையை எடுத்துக்கொள்வோம். பலா மரத்தைக் குடைந்து குடம் செய்து, தண்டியை இணைத்து, மெழுகில் 24 மெட்டுகளைப் பதித்து, வாசிக்க நான்கு கம்பியும் தாளத்துக்கு மூன்று கம்பியுமாக ஏழு கம்பி பூட்ட வேண்டும். தஞ்சாவூரிலிருந்து அதை வரவழைத்தால் விலையோடு கப்பல் கூலியும் சேரும். நம் நாட்டு ஈரக் காற்றில் மெழுகு இளகும், கம்பி துருப்பிடிக்கும். மிருதங்கத்துக்கும் பலா மரமே வேண்டும். வலப்பக்கத் தோலில் கரணை தேய்ந்துபோனால் மீண்டும் பூசத் தெரிந்த கை வேண்டும். பிள்ளைக்கு ஆசை நிலைக்குமா நிலைக்காதா என்று தெரியாத நிலையில், எந்தக் கூலிக் குடும்பம் இத்தனை செலவுக்குத் துணியும்? சங்கம் என்றால், பத்துக் கருவிகளை வாங்கி வைத்து ஐம்பது பிள்ளைகளுக்குப் பழகக் கொடுக்கலாம். பிடிக்காமல் போன பிள்ளை விட்டுச் சென்றால், அடுத்த பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

பாட்டிலும் அப்படியே. சரளி வரிசை, சண்டை வரிசை, அலங்காரம், கீதம், வருணம், அப்புறம்தான் கீர்த்தனை. இந்தப் படிகளைத் தாண்டப் பல ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டும் ஆசிரியர் ஊரில் தங்கியிருக்க வேண்டும். தட்டடவைத் தொடங்கிய பிள்ளை வருணம் ஆடுவதற்குள் ஆசிரியர் மாறிப்போனால், பாதிக் கட்டிய வீடு போலாகிவிடும். ஆசிரியருக்கு நிலையான சம்பளம் கொடுக்க ஒரு சங்கம்தான் முடியும்.

ஆனால் இங்கே ஒரு வேதனையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரங்கேற்றம் என்ற சொல்லைக் கேட்டாலே பல பெற்றோர் பின்வாங்குகிறார்கள். மண்டப வாடகை, பக்கவாத்தியக்காரர், பட்டுப் புடைவையில் தைத்த உடை, நகை, அழைப்பிதழ், விருந்து என்று கலியாணச் செலவு போல் ஆகிவிடுகிறது. பிள்ளை கற்றதைச் சபையின் முன் காட்டுவதுதான் அரங்கேற்றம். அப்பாவின் பணப்பையைக் காட்டுவது அன்று. இந்தச் செலவைத் தாங்கக் கூடியவர் பிள்ளைக்கு மட்டுமே மேடை என்றால், 400 வீடுகளில் குடியிருந்த கலை நாற்பது பங்களாக்களில் அடைபட்டுப் போகும். பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரே மேடையில், ஒரே பக்கவாத்தியக் குழுவோடு ஆடவைக்கலாமே. அறநிறுவனம் என்ற பெயருக்கு அப்போதுதான் பொருள் உண்டு.

இன்னொரு கேள்வியும் உண்டு. தோட்டங்கள் இன்று முன்போல் இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. நம் குடும்பங்களில் பெரும்பாலானவை தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. லயத்தோடு திடலும் போயிற்று. திடலோடு கூத்தும் போயிற்று. உறுமி மேளம் மட்டும் இளைஞர் கையில் உயிரோடு இருக்கிறது. தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் அந்த முழக்கத்தைக் கேட்கிறோம். நம்மில் சிலர் அதை வெறும் சத்தம் என்று முகம் சுளிப்பதும் உண்டு. ஒரு காலத்தில் சதிரையும் அப்படித்தான் முகம் சுளித்துப் பார்த்தார்கள். யாரோ கைகொடுத்து மேடையேற்றிய பிறகு அது பரதமாயிற்று. உறுமிக்கும் ஆசிரியர், வகுப்பு, மேடை, மரியாதை ஆகியவற்றைக் கொடுத்தால் என்ன? தெற்காசிய இசையும் நடனமும் வளர்ப்போம் என்று சொல்லும் சங்கத்தின் பட்டியலில் வீணைக்குப் பக்கத்தில் உறுமிக்கும், தில்லானாவுக்குப் பக்கத்தில் கும்மிக்கும் இடம் இருக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

இதெல்லாம் படித்தவர், பணக்காரர் வேலை. நமக்கு எட்டுமா என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு நம் சொந்த வரலாற்றிலிருந்தே விடை இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பால்வெட்டுத் தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். கூலிக்காரன் சங்கம் வைத்துத் தோட்டம் வாங்குவதா என்று சிரித்தவர்கள் வாயடைத்துப் போகும்படி, அந்தச் சங்கம் தோட்டங்களை வாங்கியது. கோலாலம்பூரில் விசுமா துன் சம்பந்தன் என்ற கட்டடத்தையும் எழுப்பியது. அந்தக் கட்டடத்தில்தான் டான்ஶ்ரீ சோமா அரங்கம் இருக்கிறது. அங்கே தமிழ் நூல்கள் வெளியிடப்படுகின்றன. இசை நிகழ்ச்சிகளும் நடன நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. சலங்கை கட்டிய பிள்ளைகள் அந்த மேடையில் ஏறும்போது, அவர்கள் காலடியில் இருப்பது வெறும் பலகை அன்று. விடியற்காலை ஐந்து மணிக்குத் தலைவிளக்கு கட்டி மரம் சீவியவர்களின் பத்து வெள்ளி. ஆகவே, இந்த நாட்டில் நம் கலைக்குப் படியளந்தவர் யார் என்று கேட்டால், பெரிய மனிதர் பெயர்களோடு நம் பாட்டன் பாட்டியின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

உங்கள் வட்டாரத்தில் கலைச் சங்கம் இருந்தால், தயங்காமல் படியேறிக் கேளுங்கள். வசதி குறைந்த பிள்ளைக்குக் கட்டணச் சலுகை உண்டா, கருவியை இரவல் தருவீர்களா, வாரத்தில் ஒருநாள் எங்கள் தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியரை அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். கேட்பது பிச்சை அன்று. அறநிறுவனம் இருப்பதே அதற்குத்தான். பத்துப் பெற்றோர் சேர்ந்து போனால், ஒருவர் போவதைவிடக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

சங்கம் இல்லாத இடத்தில் நீங்களே தொடங்கலாம். கோயில் மண்டபமோ பள்ளி மண்டபமோ போதும். மலேசியாவில் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி சங்கங்கள் பதிவு செய்யப்பட்டு, ஆண்டுதோறும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அந்தக் கணக்கை உறுப்பினர் எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். எத்தனையோ சங்கங்கள் கலையில் தோற்று மூடியதில்லை. கணக்கில் சண்டையிட்டு மூடியிருக்கின்றன. இராசராசன் தன் கணக்கைக் கோயிற் சுவரில் எல்லாரும் பார்க்க வெட்டி வைத்தான் என்பதை மறவாதீர்கள்.

வீட்டில் வயதான பாட்டி இருந்தால், அவருக்குத் தெரிந்த தாலாட்டையும் கும்மிப் பாட்டையும் நடவுப் பாட்டையும் பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியிலேயே பதிவு செய்யட்டும். எந்த ஊரில், எந்தத் தோட்டத்தில், யாரிடம் கற்றார் என்பதையும் கூடவே எழுதி வையுங்கள். பெயரும் வீடும் குறித்து வைத்ததால்தான் அந்த 400 பெண்களை இன்றும் நாம் அறிகிறோம். நம் பாட்டிமார் பெயர் அப்படிக் குறிக்கப்படாமல் போனால், அடுத்த தலைமுறை அவர்களைத் தேடவும் வழி இருக்காது.

அரசர் கொடுத்தபோது கலை அரண்மனையில் இருந்தது. சந்தாதாரர் கொடுத்தபோது சபாவில் இருந்தது. கொடுப்பவர் பக்கம்தான் கலை திரும்பி நிற்கும். நாம் சிறிதளவேனும் கொடுத்தால், அது நம் பிள்ளைகள் பக்கமும் திரும்பும். அடுத்த சம்பள நாளில், மேளத்துக்கு எழுதும் தொகையோடு ஒரு பிள்ளையின் வகுப்புக்கும் ஒரு வெள்ளி எழுதுங்கள். அந்த வரியிலிருந்து ஒரு சங்கம் வளரலாம்.